பொலிகிடாவுக்குத் தேன்: ஒரு மறுப்பு

தேன் ஆண்மையைப் பெருக்கும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஆழ வேரோடியது. அத்திப்பழம், பேரீச்சை, முருங்கைப்பூ என எதைச் சொன்னாலும் அதைத் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொல்வது வழக்கம். மனிதருக்குச் சொல்லப்பட்ட இந்த யோசனை இப்போது கால்நடைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. எலிகளில் நடந்த ஆய்வுகளைச் சான்றாகக் காட்டி, தேன் ஊட்டினால் கிடாவும் காளையும் கூடுதலாக விந்தணு உண்டாக்கும், சினை தவறாது என்கிறார்கள். தேன் நல்ல உணவு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அசைபோடும் விலங்கின் இனவிருத்திக்கு அது மருந்து என்பதற்கு உடலியலில் இடமில்லை. காட்டப்படும் ஆய்வுகளும் அதைச் சொல்லவில்லை. இந்த நம்பிக்கையால் வரும் கேடு, தேனுக்குச் செலவாகும் பணத்தோடு முடிவதும் இல்லை. கிடா எதனால் கெடுகிறது என்று தேடவேண்டிய இரண்டு மாதங்கள் அதில் வீணாகின்றன.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றின் கரையில் உள்ள மாகறல் போன்ற ஊரை வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இத்தகைய ஊர்களில் பசுவுக்கு வேண்டிய காளை பெரும்பாலும் ஊரில் இருப்பதில்லை. அது உதகமண்டலத்திலோ ஓசூரிலோ தஞ்சாவூரை அடுத்த ஈச்சங்கோட்டையிலோ உள்ள உறைவிந்து நிலையத்தில் நிற்கிறது. ஊருக்கு வருவது கால் மில்லி கொள்ளும் மெல்லிய குச்சிதான். சினை ஊசி என்று மக்கள் சொல்வது இதைத்தான். ஆகவே பசு சினை நிற்கவில்லை என்றால், தேன் கொடுத்துத் தேற்ற வீட்டில் காளையே கிடையாது. செம்மறியின் கதை வேறு. காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு வட்டாரங்கள் மெட்ராஸ் ரெட் என்னும் செந்நிறச் செம்மறியின் சொந்த மண். அறுவடை முடிந்த நெல்வயலில் பகலில் மேய்ந்து, இரவில் எருவுக்காகக் கிடை அடைக்கப்படும் மந்தைகளில் பொலிகிடா உடனிருக்கிறது. தேன் யோசனை பலிக்குமானால் அந்தக் கிடாவிடம்தான் பலிக்கவேண்டும். அதன் உடலுக்குள் தேன் என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

நூறு கிராம் தேனில் ஏறத்தாழ 38 கிராம் ஃபிரக்டோஸ், 31 கிராம் குளுக்கோஸ், 17 கிராம் தண்ணீர். மீதியில் பெரும்பங்கு வேறு சர்க்கரைகள். புரதம் அரை கிராமுக்கும் கீழே. தாது உப்புகள் அதிலும் குறைவு. பூவிலிருந்து வரும் பீனாலிக் பொருட்கள் மிகச் சிறிய அளவில் உண்டு. விரையின் வளர்ச்சிக்கும் விந்தணு உருவாக்கத்துக்கும் இன்றியமையாத துத்தநாகம் நூறு கிராம் தேனில் கால் மில்லிகிராம்கூட இல்லை.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் முதல் வயிறு ஒரு நொதித்தல் தொட்டி. அதில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள், உள்ளே விழும் எளிய சர்க்கரையை மிக விரைவில் தின்று தீர்த்துவிடுகின்றன. அவை வெளிவிடும் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களைத்தான் விலங்கு உறிஞ்சிக்கொள்கிறது. அதன் ஆற்றலில் ஏறக்குறைய 70 சதவீதம் இப்படி வருவது. இரத்தத்துக்கு வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரல் பெரும்பாலும் புரோப்பியானிக் அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. ஒரு கிடாவுக்கு ஒரு கை தேன் கொடுத்தாலும், அதன் சர்க்கரை சர்க்கரையாகவே குடலுக்குப் போய்ச் சேர்வது அரிது. பால்குடிக்கும் குட்டிக்கு உணவுக்குழாயின் வாய்க்கால் மூடிக்கொண்டு பாலை நேராக நான்காம் வயிற்றுக்கு அனுப்பும். வளர்ந்த கிடாவில் அந்த ஏற்பாடு பெரும்பாலும் செயல்படுவதில்லை. பீனாலிக் பொருட்களும் நுண்ணுயிர்களின் கைக்குத் தப்புவதில்லை. ஆகவே தேனை உண்ட எலியின் குடலில் நடப்பது வேறு, தேனை உண்ட கிடாவின் வயிற்றில் நடப்பது வேறு. கரும்புப்பாகு, வெல்லம், தேன் மூன்றும் கிடாவின் முதல் வயிற்றுக்கு ஏறத்தாழ ஒன்றே. அளவு மீறினால் மூன்றும் ஒரே கேட்டைத்தான் செய்யும். லாக்டிக் அமிலம் பெருகி, இரை எடுக்காமல் ஆடு சாய்ந்துவிடும்.

தேனை ஆதரிப்போர் சொல்வதில் கேட்டவுடன் மனத்தில் பதியும் வாதம் ஃபிரக்டோஸைப் பற்றியது. விந்துநீரில் உள்ள சர்க்கரை ஃபிரக்டோஸ் என்று 1946 இல் கேம்பிரிட்ஜில் தாடியஸ் மான் நிறுவினார். தேனிலும் முதன்மையான சர்க்கரை அதுவே. எனவே தேன் உண்டால் விந்து வளம் பெறும் என்று முடிச்சுப் போடுகிறார்கள். ஆனால் விந்துநீரின் ஃபிரக்டோஸ் உணவிலிருந்து அப்படியே வருவதன்று. விந்துநீர்ச் சுரப்பி இரத்தத்தின் குளுக்கோஸை எடுத்து, முதலில் சார்பிட்டாலாகவும் பிறகு ஃபிரக்டோஸாகவும் மாற்றுகிறது. அந்த வேலையை முடுக்கிவிடுவது ஆண்பால் ஹார்மோன். மேலும், விந்தணு பிறப்பது விரையில், முதிர்வது விரைமேற்குழாயில். இந்த இரண்டு இடத்திலும் அது சுரப்பி நீரின் ஃபிரக்டோஸைத் தொடுவதே இல்லை. வெளியேறும் கணத்தில்தான் இரண்டும் கலக்கின்றன. அப்போது கிடைக்கும் சர்க்கரை வழிச்செலவுக்கு உதவுமே தவிர விந்தணுவின் எண்ணிக்கையைக் கூட்டாது. இந்த வாதத்தை நாய் ஒன்றே முறித்துவிடுகிறது. நாய்க்கு விந்துநீர்ச் சுரப்பியே கிடையாது. அதன் விந்துநீரில் ஃபிரக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். சேவலிலும் அப்படித்தான், குதிரையிலும் மிகக் குறைவு. நாய்க்கும் சேவலுக்கும் இனவிருத்தியில் குறை உண்டென்று எந்தக் கிராமத்திலும் யாரும் சொல்லமாட்டார்கள்.

இனி எலிகள். பாலஸ்தீனத் தேனைக் கொண்டு 2008 இல் வெளிவந்த ஆய்வு இந்தப் பேச்சில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஐந்து சதவீதத் தேன் கரைசலை 20 நாள் குடித்த வெள்ளெலிகளின் விரைமேற்குழாயில் விந்தணு எண்ணிக்கை 37 சதவீதம் கூடியது என்பது அதன் முடிவு. சர்க்கரை மட்டும் குடித்த எலிகளில் அந்த மாற்றம் இல்லை என்பதையும் அது சொல்கிறது. ஒப்பீட்டுக்குச் சர்க்கரைக் குழுவை வைத்தது நல்ல முறை, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எலியின் விரையில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 52 நாள் ஆகும். அதன் பிறகு விரைமேற்குழாயில் முதிர இன்னும் ஒரு வாரத்துக்கு மேல். 20 நாளில் எண்ணப்பட்ட விந்தணுக்களில் பெரும்பாலானவை தேன் ஊட்டத் தொடங்குவதற்கு முன்பே பிறவி எடுத்தவை. அந்த எண்ணிக்கை உயர்வு, புதிய உற்பத்தி கூடியதைக் காட்டவில்லை. கடைசிக் கட்டத்தில் அழிவது குறைந்திருக்கலாம், அல்லது தேக்கம் கூடியிருக்கலாம். அந்த எலிகள் பெண் எலிகளோடு சேர்ந்து கூடுதலாகக் குட்டி ஈன்றனவா என்பதே இனவிருத்திக்குரிய கேள்வி. விரைமேற்குழாயின் எண்ணிக்கை அதற்கு விடையாகாது.

மலேசியாவில் துவாலாங் தேனை வைத்து நடந்த ஆய்வுகளிலும் இதே கால அளவுச் சிக்கல் உண்டு. அங்கே நான்கு வாரம் ஊட்டினார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 கிராம் தேன் என்பது அவற்றில் பலன் சொன்ன அளவு. இதே வரிசையில், எலிகளுக்குச் சிகரெட் புகையை ஊட்டி, கூடவே தேனும் கொடுத்து, விரையின் சேதம் குறைந்ததைக் காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. நஞ்சு கொடுத்துக் கெடுத்த விரையில் சேதம் குறைவது ஒரு செய்தி. கெடாத விரையில் வளம் கூடுவது முற்றிலும் வேறு செய்தி. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்பது நேர்மையான வாதம் ஆகாது. செய்யாற்றங்கரைக் கிடா சிகரெட் புகையில் நிற்பதில்லை.

அந்த 1.2 கிராமை அப்படியே கிடாவுக்குக் கணக்கிட்டால் என்ன வரும்? 35 கிலோ எடையுள்ள கிடாவுக்கு நாளொன்றுக்கு 42 கிராம். செம்மறியில் விந்தணு உருவாக 47 நாளும் முதிர ஏறத்தாழ இரண்டு வாரமும் ஆவதால், முழுச் சுற்றுக்கு 60 நாள் ஊட்டவேண்டும். மொத்தம் இரண்டரை கிலோ தேன். சிறிய விலங்குக்குரிய அளவைப் பெரிய விலங்குக்கு எடை விகிதப்படியே பெருக்கக்கூடாது என்பது மருந்தியல் விதி, அதனால் தேவை இதைவிடக் குறையலாம். குறைந்தாலும், அந்த 42 கிராமில் துத்தநாகம் பத்தில் ஒரு மில்லிகிராம் அளவே இருக்கும். அதே கிடாவுக்கு ஒரு நாள் தேவை சுமார் 30 மில்லிகிராம். முந்நூறில் ஒரு பங்கைத் தருவதை ஊட்டச்சத்து என்று எப்படிச் சொல்வது?

வாய்வழி யோசனை நிற்காதபோது சிலர் குப்பிவழிக்கு மாறுகிறார்கள். காளை, எருமைக்கடா, செம்மறிக்கிடா, குதிரை ஆகியவற்றின் விந்தை உறையவைக்கும் கரைசலில் சிறிதளவு தேன் சேர்த்தால் விந்தணு நன்றாகப் பிழைக்கிறது என்று எகிப்திலும் பிற நாடுகளிலும் ஆய்வுகள் வந்துள்ளன. இந்தியாவில் காஷ்மீரில், செம்மறிக் கிடாவின் விந்தில் நுண்ணுயிர்க்கொல்லிக்கு மாற்றாகத் தேன் உதவுமா என்று சோதித்திருக்கிறார்கள். இவை நேர்மையான ஆய்வுகளாகவே இருக்கட்டும். ஆனால் குப்பிக்குள் தேன் செய்வது விலங்குக்கு ஊட்டுவதோடு சிறிதும் தொடர்பில்லாத வேலை. சர்க்கரை பெரும்பாலும் விந்தணுவின் உள்ளே புகாமல் வெளியே நின்று, உறையுமுன் அதிலிருந்து நீரை இழுத்து, உள்ளே பனிப்படிகம் உருவாவதைக் குறைக்கிறது. டிரெஹலோஸ், ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகளும் இதைச் செய்கின்றன, அதுவும் அளவு தவறாத தூய பொருளாக.

விந்தை உறையவைக்கும் துறை பிறந்த கதையிலேயே தேனின் சர்க்கரைக்கு ஓர் இடம் உண்டு. 1940களின் முடிவில் லண்டன் மில் ஹில்லில் இருந்த ஆய்வகத்தில் கிரிஸ் போல்ஜும் அவர் குழுவினரும் சேவலின் விந்தை உறையவைக்க முயன்றார்கள். அவர்கள் நம்பியது லெவுலோஸை, அதாவது ஃபிரக்டோஸை. முயற்சி பலிக்கவில்லை. சில காலம் கழித்து, குளிரறையில் வைத்திருந்த பழைய கரைசலை எடுத்து மறுபடி செய்தபோது விந்தணுக்கள் உறைந்து உருகியும் அசைந்தன. மீதமிருந்த கரைசலைச் சோதித்தார்கள். குப்பியின் பெயர்ச்சீட்டு மாறிப்போயிருந்தது, உள்ளே இருந்தது கிளிசராலும் அல்புமினும். 1949 இல் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் அதை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் சினை ஊசிக் குச்சிகளில் இருப்பது கிளிசரால். ஃபிரக்டோஸ் இப்போதும் கரைசலில் உண்டு, விந்தணுவுக்கு உணவாக, சிறு துணையாக மட்டும்.

தேனுக்கே உரிய இன்னொரு குணம் விந்துக்கு ஆபத்தானது. முதிர்ந்த தேனில் தூங்கிக் கிடக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி, தண்ணீர் சேர்ந்தவுடன் விழித்துக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். தேன் புண்ணில் கிருமியைக் கொல்வது பெரும்பாலும் இதனால்தான் என்று 1963 இல் அமெரிக்க வேதியியலாளர் ஜொனதன் ஒயிட்டும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். அதே ஹைட்ரஜன் பெராக்சைடு காளை விந்தணுவின் சுவாசத்தைக் கெடுக்கும் என்பது 1946 இலேயே டோசிக்கும் வால்டனும் கண்டறிந்தது. விந்தணுவின் மேலுறையில் எளிதில் ஆக்சிகரணம் அடையும் கொழுப்பு நிறைய உண்டு, சேதத்தைச் சரிசெய்யும் உயிர்ச்சாறு மிகக் குறைவு. மேலும் தேன் நல்ல அமிலத்தன்மை உடையது. கொஞ்சம் கூடினாலும் கரைசலின் அடர்த்தி ஏறி விந்தணு சுருங்கிச் சாகும். அதனால்தான் ஆய்வுகள் பெரும்பாலும் சிறு அளவுகளைச் சுற்றியே நிற்கின்றன.

சினை ஊசிக் குச்சியைக் கையாளும் இடத்தில் நின்று பார்த்தால் தேனுக்கு அங்கே வேலை இல்லை என்பது தெரியும். குச்சிக்குள் ஏறத்தாழ 2 கோடி விந்தணுக்கள் இருக்கின்றன. உருகிய பின் பாதியாவது நேராக நீந்தவேண்டும் என்பது இந்திய உறைவிந்து நிலையங்களுக்கான தர விதி. மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் முங்கியிருக்கும் குச்சியை எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, துடைத்து, கருவூட்டல் துப்பாக்கியில் ஏற்றி உடனே செலுத்தவேண்டும். குச்சியைத் தேடக் கூடையைக் கலனின் கழுத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து நிற்பதும், வெந்நீருக்குப் பதில் உள்ளங்கையில் உருட்டி உருக்குவதும் அந்த 2 கோடியில் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். காலையில் பருவம் கண்டு கத்திய பசுவுக்கு மாலையிலும், மாலையில் கத்திய பசுவுக்கு மறுநாள் காலையிலும் ஊசி போடாவிட்டால் உயிரோடு போன விந்தணுவும் வீண். பசு சினை நிற்காத வீட்டில் பெரும்பாலும் தேடவேண்டிய காரணம் இந்த இடங்களில் இருக்கிறது, காளையின் தீவனத்தொட்டியில் அன்று.

சித்த மருத்துவத்தைச் சாட்சிக்கு அழைப்பதும் சரியாகப் பொருந்தவில்லை. அங்கே தேன் பெரும்பாலும் அனுபானம். சூரணத்தையும் பற்பத்தையும் உடலுக்குள் கொண்டு சேர்க்கும் துணை. மருந்தின் பலனை அதைக் குழைத்த தேனுக்கு எழுதிவைப்பது மரபையும் திரிப்பதாகும். கடையில் வாங்கும் தேன் தேன்தானா என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட சோதனையில், இந்தியச் சந்தையின் 13 தேன் வகைகளில் 3 மட்டுமே அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் தேறின. மற்றவற்றில் சர்க்கரைப்பாகுக் கலப்பு இருப்பதாக அந்த மையம் சொன்னது.

தேனையே உண்டு வாழும் ஆண் விலங்கு ஒன்று உண்டு, ஆண் தேனீ. ஆண்மைக்குத் தேன் காரணம் என்றால் அதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அதன் விரையில் விந்தணு உருவாகும் வேலை கூட்டுப்புழுப் பருவத்திலேயே முடிந்துவிடுகிறது. அறையை உடைத்து வெளியே வரும்போது இனிப் புதிதாக ஒரு விந்தணுவும் உண்டாகாது. விரை சுருங்கத் தொடங்கும், இருக்கும் விந்தணுக்கள் பைக்கு நகர்ந்து முதிர ஏறத்தாழ 12 நாள் ஆகும். புழுவாக இருந்தபோதும் வெளிவந்த முதல் நாட்களிலும் அதற்குக் கிடைத்த மகரந்தம், அதாவது புரதம், விந்தின் தரத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது. மகரந்தம் குறைந்த கூட்டில் வளர்ந்த ஆண் தேனீயின் விந்து தரம் தாழ்கிறது. பிறகு அது மாந்தும் தேன் எல்லாம் பறப்பதற்கான எரிபொருள். தேனீயும் தன் ஆண்மைக்குத் தேனை நம்பியிருக்கவில்லை.

பொலிகிடாவின் உண்மையான பகை வெயில். விரை உடற்சூட்டைவிட நான்கைந்து டிகிரி தணிந்திருந்தால்தான் விந்தணு உருவாகும். அதற்காகவே அது உடலுக்கு வெளியே தொங்குகிறது, அதன் தோல் வியர்க்கிறது, உள்ளே போகும் இரத்தம் வெளியே வரும் இரத்தத்தால் குளிர்விக்கப்படுகிறது. காஞ்சிபுரம் வட்டாரத்தின் மே மாத வெயிலில், தண்ணீரும் நிழலும் இல்லாத அறுவடை வயலில் பகல் முழுதும் நிற்கும் கிடாவில் இந்த ஏற்பாடு தோற்றுப்போகிறது. கெட்டுப்போன விந்தணு உடனே தெரியாது. இரண்டு வாரம் கழித்து விந்தில் தலைகாட்டி, ஒன்றரை முதல் இரண்டு மாதம் வரை நீடிக்கும். கோடை போய் முதல் மழை விழுந்து, புல் தளிர்த்து, பெட்டைகள் பருவத்துக்கு வரும்போது கிடா ஏறுகிறது, பெட்டை சினை நிற்பதில்லை. காரணத்தை அந்த வாரத்தின் தீவனத்தில் தேடுபவர்கள்தான் தேனுக்கு வந்து சேர்கிறார்கள். தேன் கொடுத்த இரண்டாம் மாதத்தில் கிடா தேறிவிட்டால் பெயர் தேனுக்குப் போகிறது. வெயில் தணிந்து ஒரு முழுச் சுற்று விந்தணு புதிதாக உருவாகியதே அந்தத் தேற்றத்துக்குக் காரணம், தேன் கொடுக்காத கிடாவும் அதே நாளில் தேறியிருக்கும்.

வெயிலுக்கு அடுத்தது பசி. கோடையில் காய்ந்த தாளை மட்டும் மேயும் கிடாவுக்குப் புரதமும் வைட்டமின் ஏ-யும் துத்தநாகமும் ஒருசேரக் குறைகின்றன. வைட்டமின் ஏ பச்சைத் தீவனத்திலிருந்து கிடைக்கும். அகத்தி, சூபாபுல், வேலிமசால் எது கிடைத்தாலும் போதும். துத்தநாகத்துக்குத் தாது உப்புக் கலவை இருக்கிறது. காட்டுப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இதைப் பல காலமாகவே விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்லி வருகிறது. இரண்டரை கிலோ தேனின் விலையில் ஒரு சிறு பங்குக்கு, ஒரு கிடாவுக்கு இரண்டு மாதத்துக்கு வேண்டிய கலவை கிடைக்கும். புரதத்துக்குக் கடலைப் பிண்ணாக்கு, ஏறவிடுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே.

மந்தையிலேயே பிறந்த கிடாவைப் பொலிக்கு விட்டு, அதன் மகள்களையும் அதற்கே விடுவது இன்னொரு பெரிய குறை. இரத்த உறவு நெருங்க நெருங்க விந்தின் தரமும் குட்டிகளின் பிழைப்பும் சேர்ந்தே குறைகின்றன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேறு ஊர் மந்தையிலிருந்து கிடா மாற்றுவதும், 25 முதல் 30 பெட்டைக்கு ஒரு கிடா என்று வைப்பதும் போதும். புதுக் கிடாவை வாங்கும்போது எடையைத் தூக்கிப் பார்ப்பவர்கள் விரையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே அளவாக, அழுத்தினால் இறுக்கமாக, கட்டியில்லாமல் இருக்கவேண்டும். ஒரு பக்கம் சிறுத்தோ, தொளதொளத்தோ, விரைமேற்குழாயின் அடியில் கட்டி தட்டுப்பட்டோ இருந்தால் அந்தக் கிடாவை வாங்கக்கூடாது. அத்தகைய கட்டி புருசெல்லா கிருமியாலும் வரும், அது மந்தைக்கும், அதில் சில வகை மேய்ப்பவருக்கும் பரவக்கூடியது. ஒரே வயதுக் கிடாக்களில் விரைச்சுற்றளவு பெரிதாக உள்ளதைத் தேர்ந்தெடுக்கத் தையற்காரரின் நாடா ஒன்று போதும். ஏப்ரல் பிறந்தவுடன் பகல் பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை கிடாவை மரநிழலில் தண்ணீர்த் தொட்டியோடு கட்டி, மேய்ச்சலை விடியற்காலைக்கும் அந்திக்கும் மாற்றிவிட்டால், ஜூலையில் பெட்டைகளோடு விடும்போது அந்தக் கோடையின் சூட்டை அது சுமந்து வராது.